கல்யாண அடுப்பில் ரெண்டு டீ

அடுப்பு மாடிப்படியின் திருப்பத்தில் வசமாகச் சிக்கிக்கொண்டது.

மேல்படியில் கோதண்டம், கீழ்ப்படியில் மகன் ஹேமநாதன், நடுவில் அடுப்பு. வீட்டு அடுப்பாக இருந்தால் அக்குளில் இடுக்கிக்கொண்டு போயிருக்கலாம். இது கோதண்டத்தின் கடையில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற அடுப்பு. இரும்புச் சட்டம், வரிசையாக மூன்று பர்னர், யானையை நிறுத்தினாலும் தாங்குகிற நாலு கால். அந்தக் கால்கள் ஆளுக்கொரு சுவரைக் குத்திக்கொண்டு அசைய மறுத்தன.

"நைனா, உன் பக்கம் கொஞ்சம் சாய்."

"நான் சாஞ்சா உன் தல மேலதான்டா வுழுவேன்."

"அப்போ கால கயட்டிடலாமா?"

"யார் கால?"

வாசலில் காவலுக்கு நின்ற ராணி உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இன்னும் ஏறலியா? அந்தப் பொண்ணு பக்கத்து ஊட்டுக்கு வந்துட்டா!"

வருவது ரேஷன் அட்டைச் சரிபார்ப்பு. ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் தெருத் தெருவாக வந்துகொண்டிருந்தார்கள். கோதண்டம் வீட்டில் அட்டை இரண்டு. கீழ்வீட்டு அட்டையில் கோதண்டமும் அவர் மனைவி ராணியும். மாடி அட்டையில் ஹேமநாதனும் அவன் மனைவி திவ்யாவும். ஒரே கூரையின் கீழே இரண்டு அட்டை வேண்டுமென்றால் சமையல் தனித்தனியாக நடக்க வேண்டும். கல்யாணமான புதிதில் மாடியில் ஒரு சின்ன அடுப்பை வைத்துக் காட்டித்தான் அட்டையை வாங்கினார்கள். வாங்கிய கையோடு அந்த அடுப்பு ராணியின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. மாடிக்கென்று வந்த சிலிண்டரோ கீழே ராணியின் அடுப்புக்கு ஸ்டெப்னியாகிவிட்டது.

தனிச் சமையலா? மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் கருவாட்டு முள் பொறுக்கிக்கொண்டு சீரியல் பார்க்கிற வீடு அது. சீரியலில் வரும் மாமியாரை இருவரும் சேர்ந்துதான் திட்டுவார்கள்.

ஆனால் ஆடியும் மார்கழியும் வந்தால் கோதண்டத்தின் பந்தலையும் பாத்திரத்தையும் சீந்துவார் கிடையாது. அந்த மாதங்களில் வீட்டுப் பானை நிறைவது இரண்டாவது அட்டையின் அரிசியால்தான். அதனால்தான் ரேஷன் கடையில் எடை போடும் தினகரன் காதோடு சொன்ன சேதி அவரைக் கடை அடுப்பைத் தூக்க வைத்தது.

"அண்ணாத்தே, ஒரே அடுப்புன்னு தெரிஞ்சா ரெண்டாவது கார்டு காலி."

"ஊட்ட பூட்டிக்கினு எங்கியாவது பூட்டா?"

"அது இன்னும் மோசம். ஒத்துழைக்கலன்னு போட்டுட்டுப் போயிடுவாங்க. ரெண்டு கார்டும் நின்னுடும். அப்பால ஆபீசுக்கு நீ நடக்குற நடைக்கு செருப்பு மிஞ்சாது."

ஆக, கதவைத் திறந்தே ஆக வேண்டும், அடுப்பும் மாடியில் இருந்தே ஆக வேண்டும். அடுப்பு இருந்ததோ மாடிப்படியில்.

"சார், உள்ள வரலாங்களா?"

வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் குடை, தோளில் கைப்பை. பெயர் கனிமொழி என்றும், சரிபார்ப்புக்காகத் தற்காலிகமாக எடுத்த ஆள் என்றும் சொல்லிக்கொண்டே படிக்கட்டைப் பார்த்தாள்.

"என்ன சார் இது?"

மேலே போகிறது என்று சொன்னால் இத்தனை நாளும் மேலே இல்லை என்று ஆகிவிடும். கோதண்டம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கீய வருது மேடம். சர்வீஸுக்கு."

அரைமணி நேரமாக மேலே தள்ளிக்கொண்டிருந்த ஹேமநாதன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தான்.

"இன்னாடா பாக்குற? எறக்கு!"

ஏற மறுத்த அடுப்பு இறங்கும்போது மட்டும் ஒரு முனகல் இல்லாமல் இறங்கிக் கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. கனிமொழி அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கு இவ்வளவு பெரிய அடுப்பா?"

"கோவத்துல தனியா போனாங்க மேடம். போற வேகத்துல கைக்குக் கெடச்சத எடுத்துக்கினு போயிட்டாங்க," என்றார் கோதண்டம்.

"அப்போ இன்னிக்கு மாடியில சமையல்?"

"பட்டினி மேடம்," என்றாள் திவ்யா, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

ராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பட்டினியா? இப்பதானேடி அஞ்சு இட்லி..." கோதண்டம் இருமினார். ராணி சுதாரித்துக்கொண்டாள். "அஞ்சு இட்லி மிஞ்சிச்சி. அதக்கூட நான் குடுக்கல. கெடக்கட்டும்னு வுட்டுட்டேன்."

கனிமொழி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தனியாப் போயி எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு வருஷம்," என்றாள் ராணி.

"ரெண்டு வருஷம்," என்றாள் திவ்யா.

"தனியா சமைக்கிறது ரெண்டு வருஷமா," என்று குறுக்கே விழுந்தார் கோதண்டம். "மூஞ்சி குடுத்துப் பேசாதது ஒரு வருஷமா."

"ஓ. சண்டை எதுக்கு வந்தது?"

அடுப்பு, சிலிண்டர், பாத்திரம், மேலே கொடி கட்டிக் காயப்போட நாலு துணி என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்த கோதண்டம், சண்டைக்கு ஒரு காரணத்தை யோசித்து வைக்கவில்லை. அவர் ராணியைப் பார்த்தார். ராணி ஹேமநாதனைப் பார்த்தாள். ஹேமநாதன் ஃபேனைப் பார்த்தான்.

"கருவாட்டுக் கொழம்பு," என்றாள் திவ்யா.

"அதுக்கென்ன?"

"அத்தை வைக்கிற கருவாட்டுக் கொழம்ப வாயில வைக்க முடியாது மேடம்."

கோவில்பதாகையில் ராணியின் கருவாட்டுக் குழம்புக்கு ஒரு பெயர் உண்டு. பக்கத்துத் தெருவிலிருந்துகூடக் கிண்ணத்தோடு வருவார்கள். ராணியின் வாய் லேசாகத் திறந்து அப்படியே நின்றது.

கனிமொழியோ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"அதை எப்படிச் சொன்னீங்க? மெதுவாவா, கத்தியா?"

"கத்திதான்."

"உடனே இவங்க என்ன பண்ணாங்க? கரண்டியைப் போட்டாங்களா, சட்டியைப் போட்டாங்களா?"

திவ்யா தடுமாறினாள். "சட்டிய."

"குழம்போடவா?"

"கொழம்போட."

இதை ராணியால் பொறுக்க முடியவில்லை. "கொழம்போட எவளாவது சட்டிய போடுவாளா? மூள கீதா உனுக்கு?"

"அப்போ காலிச் சட்டியா?"

"காலிச் சட்டிதான்," என்றாள் ராணி பல்லைக் கடித்துக்கொண்டு.

கனிமொழி திருப்தியாகத் தலையாட்டினாள். "இதுதான் நம்புற மாதிரி இருக்கு."

அந்த ஒரு வார்த்தையைக் கோதண்டம் பிடித்துக்கொண்டார். மீதியை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? கனிமொழி எழுந்து குடையை எடுத்தாள். அடுப்பு சர்வீஸ் முடிந்து மாடிக்குப் போனதும் மறுபடி வருவதாகவும், இப்போதைக்கு எதையும் பதியவில்லை என்றும் சொன்னாள்.

"அடுத்த தடவையும் மாமியார் மருமக ரெண்டு பேரும் கண்டிப்பா இருக்கணும். யாராவது ஒத்துழைக்கலன்னா அப்படியே போட்டுட்டுப் போக வேண்டியதுதான்."

அவள் தெருமுனை தாண்டியதும் திவ்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்தே, காலிச் சட்டின்னு சொன்னீங்க பாருங்க! மெர்சலாயிட்டேன்."

ராணி சிரிக்கவில்லை. "ஏன் திவ்யா, சாம்பார்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"இன்னாது?"

"சாம்பார் கீது, ரசம் கீது, கீரை கீது. எதையாவது சொல்லித் தொலைய வேண்டியதுதானே? கருவாட்டுக் கொழம்ப ஏன்டி இழுத்த?"

"அத்தே, நடிப்புதானே?"

"நடிப்புன்னாலும் மனசுல இல்லாதது வாயில வருமா?"

அன்று இரவு ராணி தட்டில் சோறும் ரசமும் மட்டும் வைத்தாள். மறுநாளும் ரசம்தான். கோதண்டம் பந்தல்காரர். ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப் பக்கம் ஒரு கயிறு இழுத்துக் கட்டுவதுதான் அவர் அறிந்த வித்தை. அதையே இங்கும் செய்தார்.

"ராணி, இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற? அந்த மேடம் மறுக்கா வரும்போது நீயும் அவளப் பத்தி ஒண்ணு எடுத்து வுட்டுடு. சரிக்குச் சரியா பூடும்."

ராணி ரசத்தைக் கலக்கிக்கொண்டே யோசித்தாள். கோதண்டம் தன் புத்திசாலித்தனத்தை எண்ணி இன்னொரு கை சோறு வாங்கிக்கொண்டார்.

அடுப்பைப் படி வழியாக ஏற்றும் யோசனையைக் கைவிட்டு, பந்தல் கட்டும் கயிற்றைப் போட்டு வெளிப்பக்கமாகவே மொட்டை மாடிக்கு இழுத்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. மாடியில் என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஹேமநாதன் ஒன்றுமில்லை என்று சொல்லிக் களைத்துப்போனான். ஒன்றுமில்லாததற்கு எதற்குக் கல்யாண அடுப்பு என்று அவர்கள் திவ்யாவின் வயிற்றைப் பார்த்தார்கள்.

கனிமொழி சொன்னபடியே வந்தாள். நேராக மாடிக்குப் போய் அடுப்பைப் பார்த்தாள். அதில் ஒரு பொட்டு எண்ணெய் கிடையாது, ஒரு பருக்கை கிடையாது.

"சுத்தமா வெச்சிருக்கீங்களே. கொஞ்சம் பத்த வைங்க, பார்ப்போம். ரெண்டு டீ போடுங்க."

திவ்யா அடுப்பின் எதிரே நின்று கடவுளை வேண்டிக்கொண்டு குமிழைத் திருகினாள். ஐந்நூறு பேருக்குப் பிரியாணி போட்டுப் பழகிய பர்னர், ரெண்டு டீ என்பதைக் காதிலேயே வாங்கவில்லை. குப்பென்று கிளம்பிய தீ கொடியில் தொங்கிய ஹேமநாதனின் லுங்கியைத் தொட்டுவிட்டு வந்தது. டீ கொதிக்கவில்லை; பாத்திரத்தை விட்டே வெளியேறியது.

"டெய்லி இதுலதான் டீ போடுவீங்களா?"

"ஆமா மேடம்," என்றாள் திவ்யா, முன்னெற்றி முடி கருகிய வாசனையோடு. "சீக்கிரமா ஆயிடும்."

கனிமொழி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கீழே வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரி, அன்னிக்கு இவங்க சொன்னாங்க. இன்னிக்கு நீங்க சொல்லுங்கம்மா. மருமக கிட்ட உங்களுக்கு என்ன குறை?"

ராணி இதற்காகவே காத்திருந்தவள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இன்னா சொல்றது மேடம்? வாசல்ல ஒரு கோலம் போடத் துப்பில்ல. ஸ்டிக்கர வாங்கி ஒட்டிட்டு ஒரு வருஷமா அது மேலேயே தண்ணி தெளிச்சிக்கினு கீறா. சோம்பேறி."

திவ்யாவின் முகம் சுருங்கியது. அந்த ஸ்டிக்கர் வந்த கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குனிந்து கோலம் போட்டு ராணிக்கு முட்டி வலி கண்டபோது, திவ்யா நான் போடுகிறேன் என்றாள். காலையில் ஹேமநாதன் கம்பெனி பஸ் ஏறுவதற்குள் சோறு கட்டிக் கொடுக்கணும், உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம் என்று ஆவடி மார்க்கெட்டில் ஸ்டிக்கரை வாங்கி வந்ததே ராணிதான்.

"வாங்கினது யாரு அத்தே?" என்றாள் திவ்யா மெதுவாக.

"ஒட்டினது யாரு?"

"சோம்பேறியா நானு?"

"நாக்கு செத்தவ உன்ன வேற இன்னான்னு சொல்றது? நல்ல கொழம்பு எது, கழனித்தண்ணி எதுன்னு தெரியாதவதானே நீ?"

"அருமை," என்றாள் கனிமொழி தன்னையறியாமல். உடனே குரலை மாற்றிக்கொண்டாள். "அதாவது, பாவம்னு சொன்னேன். 'நாக்கு செத்தவ'ன்னு சொல்லும்போது கையை இடுப்புல வெச்சீங்களே, எப்பவும் அப்படித்தான் வெப்பீங்களா?"

கோதண்டம் இருவருக்கும் நடுவில் நின்று ஜாடை காட்டினார். போதும், சரிக்குச் சரியாகிவிட்டது என்று கண்ணால் கெஞ்சினார். அவரை யாரும் பார்க்கவில்லை. திவ்யா சமையலறைக்குள் போய்த் தோசைக்கல், ரெண்டு தட்டு, அஞ்சறைப் பெட்டி மூன்றையும் எடுத்துக்கொண்டு திமுதிமுவென்று மாடி ஏறினாள்.

"மேடம் போனதும் எறங்கிடுவா," என்று ஹேமநாதன் அப்பாவின் காதில் சொன்னான்.

மேடம் போனாள். திவ்யா இறங்கவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நிஜமாகவே இரண்டு அடுப்பு எரிந்தது. கீழே ராணி தனக்கும் புருஷனுக்கும் சமைத்தாள். மேலே திவ்யா கல்யாண அடுப்போடு மல்லுக்கட்டினாள். அதில் ரெண்டு பேருக்குச் சமைக்க முடியாது. தீயைக் குறைத்தால் அணையும், கூட்டினால் கரியும். கடைசியில் அந்த அடுப்பின் அளவுக்கு அவளே இறங்கி வந்து, ஒரு அண்டா நிறையச் சாம்பார் வைத்தாள். ஹேமநாதன் அதை மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு ஓவர்டைம் பார்க்கத் தொடங்கினான்.

மாட்டிக்கொண்டவர் கோதண்டம்தான். கீழே சாப்பிட்டு எழுந்தால், "மாமா, எனக்காக ஒரு வாய்கூட எடுத்துக்க மாட்டீங்களா?" என்று மாடிப்படியிலிருந்து குரல் வரும். மேலே போய் இரண்டு கரண்டி சாம்பாரைக் குடித்துவிட்டு இறங்கினால், "அங்கியே துன்னுட்டு அங்கியே படுத்துக்கோ" என்று ராணி பாயைத் தூக்கி வெளியே போடுவாள். இரண்டு அடுப்புச் சாப்பாடும் அவர் வயிற்றில் தினமும் சந்தித்துச் சண்டை போட்டன. சீரியல் நேரத்தில் கீழே ஒரு டி.வி., மேலே ஒரு செல்போன். ஒரே மாமியாரை இரண்டு பேரும் தனித்தனியாகத் திட்டினார்கள். அதைக் கேட்டுக்கொண்டு கோதண்டம் நடுப்படியில் உட்கார்ந்திருப்பார்.

அந்த வாரக் கடைசியில் ரேஷன் கடைப் பக்கம் போனபோது தினகரன் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாத்தே, உங்க ஊட்டுக்கு அந்த மேடம் மூணாவது தபா வராங்களாம்? தெருவுல மத்த ஊட்டயெல்லாம் அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டாங்களே!"

"அதான்டா புரியல. இன்னா சந்தேகமோ!"

"மேலேர்ந்து பெரிய மேடம் யாரையாவது கூட்டிக்கினு வருவாங்க. உஷாரா இரு."

வீட்டுக்கு வந்து ராணியிடம் சொன்னார். ராணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வரட்டும். நான் பேச மாட்டேன்."

"பேசலன்னா ஒத்துழைக்கலன்னு போட்டுடுவாங்க ராணி. ரெண்டு கார்டும் பூடும்."

"போவட்டும். எனுக்கு அவ மூஞ்சியும் வேணாம், அவ கூட சேந்த அரிசியும் வேணாம்."

கோதண்டம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அரிசிக்காகப் போட்ட கூத்து அரிசியே வேண்டாம் என்ற இடத்தில் வந்து நிற்கிறது. ஆடி மாதத்தை எப்படியாவது ஓட்டிவிடலாம். வாடகைக்குப் போகாத பந்தலுக்கு அடியில் பட்டினிகூடக் கிடக்கலாம். ஆனால் ஒரே தட்டில் முள் பொறுக்கிய இரண்டு பேர் இப்படி முகம் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு அவரால் ஒரு வாய் இறக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லி, இரண்டாவது அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தார்.

கனிமொழி வந்தபோது தனியாக வரவில்லை. கூடவே அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, பெரிய கண்ணாடி, கையில் தோல்பை. உள்ளே வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பார்த்த தோரணையிலேயே கோதண்டத்துக்குப் புரிந்துவிட்டது. பெரிய மேடம்!

"குந்துங்க மேடம், குந்துங்க. டேய் ஹேமா, ஒரு சோடா வாங்கியா!"

பெரிய மேடம் உட்கார்ந்தார். கனிமொழி அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அம்மா எங்க சார்? மருமக எங்க?"

மருமகள் மாடிப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராணியோ சமையலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டிருந்தாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஒத்துழைக்க மாட்டேன்! போயி எழுதிக்கச் சொல்லு!"

கோதண்டம் பெரிய மேடத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேடம், அவங்க பேச வேணாம். நானே உண்மைய சொல்லிடறேன். இந்த ஊட்ல ஒரே அடுப்புதான் மேடம். மேல கீறது என் கட அடுப்பு. இவங்க ரெண்டு பேரும் அம்மாவும் பொண்ணுமா இருந்தாங்க. கார்டு போயிடுமேன்னு நான்தான் சண்டை போடற மாதிரி நடிக்கச் சொன்னேன். அத்தினியும் டூப்பு. ரெண்டாவது கார்ட எடுத்துக்குங்க. என் ஊட்ட மட்டும் பயையபடி ஆக்கிக் குடுத்துடுங்க."

சொல்லி முடிக்கும்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

தாழ்ப்பாள் படீரென்று திறந்தது.

"இன்னாது டூப்பா?" ராணி கரண்டியோடு வெளியே வந்தாள். "இத்தினி நாளா நான் தலகாணி நனைய அழுதனே, அது டூப்பா?"

"அதானே?" என்று திவ்யா படியிலிருந்து குதித்து வந்தாள். "அந்த அடுப்புல என் முடி கருகுனது டூப்பா மாமா? அத்தை சொல்றதுதான் கரெக்ட்டு. எல்லாம் நெசம்!"

"கேட்டுக்கோ! அவளே சொல்றா, நெசம்னு!"

"இவரு எப்பவுமே இப்டித்தான் அத்தே. எல்லாத்தையும் கெடுத்து வெச்சிட்டு நல்லவராட்டம் பேசுவாரு."

"இவரப் பத்தி எனுக்குத் தெரியாதா? முப்பது வருஷமா கொழம்பு வெச்சி ஊத்தறேன். நல்லா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பாரா இந்த மனுஷன்? உப்பே போடலன்னாலும் கம்முனு துன்னுட்டுக் கைய கயிவிக்கினு போவாரு. பெத்ததும் அப்டித்தான். இந்த ஊட்டுக்கு வந்து இவதான்..." ராணி கரண்டியைத் திவ்யாவின் பக்கம் நீட்டினாள். "இவதான் இன்னொரு கரண்டி ஊத்துங்க அத்தேன்னு கேட்டு வாங்கித் துன்னா. அந்த வாயாலேயே வாயில வைக்க முடியாதுன்னுட்டா மேடம். நான் எங்க போயி முட்டிக்கிறது?"

திவ்யாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அத்தே, அந்த மேடம் திடீர்னு கேட்டாங்க. எனக்கு வேற இன்னா தெரியும்? எப்பப் பாரு நாக்குல அந்தக் கொழம்புதானே கீது. அதனால அதுதான் வந்துது."

"அப்போ மனசுல இல்லியா?"

"அந்த அண்டா சாம்பார துன்னுட்டு ராத்திரி கொழம்பு வாசன புடிக்க நான் படியில வந்து குந்திக்கினு இருந்தேன் அத்தே. ரசம் வாசனதான் வந்துது."

"நீ இல்லாம எவளுக்குடி வைப்பேன் அத?"

ராணி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு மருமகளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் மூக்கைச் சிந்தி அழுதார்கள். அழுகையின் நடுவே இருவரும் ஒரே நேரத்தில் கோதண்டத்தைப் பார்த்து முறைத்தார்கள். அந்த முறைப்பைப் பார்த்ததும்தான் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அட்டை போனாலும் வீடு பிழைத்தது.

கனிமொழியும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு செல்போனை எடுத்து விரலால் நாலு தட்டுத் தட்டினாள்.

"கீழ ஒரு அடுப்பு, மேல ஒரு அடுப்பு. ரெண்டும் எரியுது. நான் கண்ணால பார்த்தது அவ்வளவுதான். குடும்பத்துல எல்லாரும் முழு ஒத்துழைப்புன்னு போட்டுட்டேன். ரெண்டு கார்டும் அப்படியே இருக்கும் சார்."

கோதண்டத்துக்குக் காதை நம்ப முடியவில்லை. இவ்வளவு சொன்ன பிறகுமா? திரும்பி, சோடாவைக் கடைசிச் சொட்டு வரை குடித்துக்கொண்டிருந்த அந்த அம்மாளைக் கும்பிட்டார்.

"இதுல பெரிய மேடத்துக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்களே?"

அந்த அம்மாள் புட்டியைக் கீழே வைத்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"நான் இன்னா மேடமு, நான் இவ மாமியா, எங்க ஊட்லயும் ரெண்டு கார்டு, ஒரே அடுப்பு, நாளைக்கு வேற ஆளு செக்கிங்குக்கு வரான்... இந்தா கனி, நல்லா பாத்துக்கினியா, அழுவற பார்ட்ட நீ எடுத்துக்கோ, கரண்டியோட கதவ தொறந்துக்கினு நான் வரேன்!"